அப்பாவின் துப்பாக்கியை பார்சலில் அனுப்பலாமா?

கேள்வி: தோட்டத்துக் காவலுக்காக லைசென்ஸ் வாங்கி அப்பா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, அவர் காலமான பிறகு பீரோவில் இருக்கிறது. பொள்ளாச்சியில் இருக்கும் தம்பி கேட்கிறான். பார்சலில் அனுப்பலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் சகோதரி. லைசென்ஸ் அப்பாவுக்கு மட்டுமே தரப்பட்டது. இப்போது அது உங்களிடம் இருப்பதே 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி சிக்கல்தான். 'பூட்டித்தானே வைத்திருக்கிறோம்' என்ற சமாதானம் எடுபடாது. இன்றே காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, துப்பாக்கி, தோட்டா இரண்டையும் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். லைசென்ஸ் உள்ள ஆயுத டீலரிடமும் ஒப்படைக்கலாம். பிறகு வாரிசு என்ற முறையில் தம்பி தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கட்டும். கிடைத்தால் துப்பாக்கியைத் திரும்பப் பெறலாம். இழுத்தடித்தால் அது அரசுக்குப் போய்விடும்.

அப்பாவே உயிரோடு கொடுத்திருந்தாலும், தம்பிக்கு லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும். எழுத்துபூர்வமாகத் தகவல் கொடுத்து, 45 நாள் கழித்தே கைமாற்றியிருக்க முடியும்.