ஏழு நாள் தவணை

பலர் சேர்ந்து பயன்படுத்தும் லினக்ஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பினால், நிரப்பியவருக்கு மட்டும் அடி விழுவதில்லை. யாரோ ஒருவர் தன் கணக்கில் கல்யாண வீடியோவைக் கொட்டியிருப்பார். மூன்றாவது மேசைக்காரரின் மெயில் நின்றுபோகும், டேட்டாபேஸ் எழுத இடமின்றி விழும். கோட்டா, அதாவது ஒவ்வொருவருக்கும் இட வரம்பு, போடுவது யூசரைத் தண்டிக்க அல்ல, பக்கத்து யூசரைக் காப்பாற்ற.

இது லினக்ஸ் பிறப்பதற்கு முந்தைய ஏற்பாடு. 1983-ல் பெர்க்லியிலிருந்து வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸிலேயே இருந்தது. எழுதியவர் மெல்போர்ன் பல்கலைக்கழகத்து ராபர்ட் எல்ஸ். சாஃப்ட் லிமிட், ஹார்ட் லிமிட் என்று இரண்டு கோடுகள் அப்போதே உண்டு. முதல் கோட்டைத் தாண்டியவருக்கு லாகின் செய்யும்போது எச்சரிக்கை வரும்; எச்சரிக்கைகள் தீர்ந்தால் கதவு மூடும். பிற்பாடு எண்ணிக்கை போய், நாள் கணக்கு வந்தது. லினக்ஸில் வழக்கமான தவணை 7 நாள்.

இந்தத் தவணைதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. சாஃப்ட் 5 ஜிபி, ஹார்ட் 6 ஜிபி என்று வையுங்கள். ஒருவர் 5.2 ஜிபியில் நிற்கிறார். ஏழு நாளும் 6 ஜிபி வரை அவருக்குத் தடை இல்லை. அதற்குப் பிறகு ஒரு பைட் கூட ஏறாது. "இன்னும் 800 எம்பி மிச்சம் இருக்கே சார்?" என்று வந்து நிற்பார். மிச்சம் இருந்ததெல்லாம் தவணைக்குள்தான். 5-க்குக் கீழே இறங்கினால் எல்லாம் பழையபடி.

இரண்டு கோட்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போகும் அட்மின்கள் உண்டு. எனக்கு அது சோம்பலாகத்தான் படுகிறது. இடைவெளி இல்லாமல் சனிக்கிழமை இரவு ஒரு பேக்கப் பாதியில் அறுந்தால், திங்கள்கிழமை வரை அதைப் பார்க்க ஆள் இருக்காது. இடைவெளி விட்டால் மட்டும் போதாது, சொல்லவும் வேண்டும். கர்னலின் எச்சரிக்கை வந்தாலும் பெரும்பாலும் டெர்மினலில்தான் தெரியும். சாம்பா வழியாக ஃபைல் போடுகிறவர் அதை எங்கே பார்ப்பார்? எச்சரிக்கை மெயில் அனுப்பும் வார்ன்கோட்டா கட்டளையைக் கிரானில் போட்டு, தினம் ஒரு மெயில் போகச் செய்வதே மரியாதை.

கணக்கு ஃபோல்டரைப் பார்த்து ஏறுவதில்லை, ஃபைலின் உரிமையாளரைப் பார்த்து ஏறுகிறது. அதே பார்ட்டிஷனில் வேறொருவர் ஃபோல்டரில் நீங்கள் விட்டுவைத்ததும் உங்கள் தலையில்தான். ரூட்டை மட்டும் எந்தக் கோடும் தடுக்காது. அதனால் ரூட் எழுதும் லாக் ஃபைல்கள் பெருத்தால் கோட்டா கைகொடுக்காது. அதற்கு லாக்ரொட்டேட் தனி வேலை.

எல்லோர் கணக்கையும் பட்டியலிடும் ரெப்கோட்டா கட்டளையை ஓட்டினால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் இரண்டு குறிகள் வரும். முதலாவது ப்ளஸ் என்றால் இடம் கோட்டைத் தாண்டியிருக்கிறது. இரண்டாவது ப்ளஸ் என்றால் ஃபைல் எண்ணிக்கை, அதாவது ஐநோட். மெயில்டிர் முறையில் ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல். அழிக்காமல் சேர்ப்பவருக்கு ஜிபி தாராளமாக இருக்கும்போதே இரண்டாவது ப்ளஸ் விழுந்துவிடும். அவரிடம் வீடியோவை அழிக்கச் சொல்லிப் பயனில்லை, பழைய மெயிலை அழிக்கச் சொல்ல வேண்டும்.