பிளாவும் போத்தலும்

ஹொப் என்னும் கசப்பு மலரின் மணம் வீசும், இனிப்பு வற்றிய மேனாட்டு பியரை நம்மவருட் சிலர் நாவிலே உருட்டிச் சுவைத்து மெச்சுகின்றனர். வடித்த சில வாரங்களுக்குள் பருகிவிட வேண்டுமாம். நாட்பட்டால் மலர் மணம் மங்கிவிடுமாம். உண்மைதான், மறுக்கின்றோமில்லை. ஆனால், அதே கனவான்கள் யாழ்ப்பாணத்துத் தவறணையைக் கண்டதும் மூக்கைப் பொத்துவதேன்?

பனங்கள்ளுக்கு வாரக்கணக்கில்லை, மணிக்கணக்கே உண்டு. முட்டியிற் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர். பூசாவிடின், மதுவம் மரத்தின்மேலேயே தன் வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பும் நுரையும், மாலையிற் புளிப்பு, பின்னர் வெறுங் காடி! புதுமைதான் சிறப்பென்றால், இதனினும் புதியது எது?

ஹொப் கப்பலில் வந்திறங்குவது. பனையோ நம் வேலியில் நிற்பது. தளைநாரை நம்பி நாளும் உயிரைப் பணயம் வைத்து ஏறும் சீவற்றொழிலாளியைச் சாதியின் பெயரால் ஒதுக்கிய சமூகம், அவன் கைப்பட்ட கள்ளையும் ஒதுக்கிற்று. பழி கள்ளின் சுவையிலன்று, நம் நெஞ்சிலே கிடக்கின்றது.

குடியை வளர்க்க நாம் இதனை எழுதவில்லை. பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைந்தது. சூடேற்றிப் போத்தலில் அடைத்த கள்ளும் சந்தைக்கு வந்தது. தொலைவூருக்கு அது உதவும். எனினும் மதுவம் செத்த கள் பாதிக் கள்ளே. துப்புரவான தவறணையும், இறக்கிய நேரத்தை எழுதிய பலகையும், ஏறியவனுக்கு நியாய விலையும் வேண்டுமென்று கேட்கின்றோம். பிளாவில் ஊற்றுவதற்கு இவற்றைவிட வேறென்ன தடை?