மங்குக்கு மருந்து உண்டு, நிறத்துக்கு எதற்கு?

கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டின் மேலும் பழுப்பாகப் படரும் திட்டுக்கு நம் ஊர்களில் மங்கு என்று பெயர். நடவுக்கும் களையெடுப்புக்கும் சூளை வேலைக்கும் போகும் பெண்கள் பலருக்கு இது உண்டு. "பிள்ளை பெத்த பிறகு வந்தது" என்பார்கள். சரிதான். கர்ப்பகால ஹார்மோன்கள், தோலுக்கு நிறம் தரும் மெலனினைத் தூண்டிவிடுகின்றன. அதன்மேல் வெயிலும் பட்டால் ஓரிடத்தில் கூடுதலாகவும் பக்கத்தில் குறைவாகவும் படிகிறது. கருத்தடை மாத்திரையாலும் வரலாம், பரம்பரையாகவும் வரும். தொற்றாது, உயிருக்கு ஆபத்தும் இல்லை.

இதற்கு நம் பெண்கள் முதலில் போவது மருந்துக்கடைக்கு. "முகத்துக்கு ஒரு ட்யூப் குடுங்கண்ணே" என்றால் போதும். பெட்டியில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் சில வாரம் முகம் வெளுக்கும். அதில்தான் ஏமாந்து போகிறோம். நாளாக நாளாகத் தோல் மெலிந்து சிவக்கும், பரு கிளம்பும், முடி வளரும். நிறுத்தினால் எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே வாங்குவார்கள். படர்தாமரையில் பூசினாலோ அது அடங்கியதுபோல் காட்டிவிட்டுப் பரவும். 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2018-இல் அறிவித்தது. நம் கடைத்தெருவில் அந்தச் சீட்டை யார் கேட்கிறார்கள்?

முகவரி இல்லாத வெள்ளையாக்கும் கிரீம்கள் இன்னும் மோசம். பாதரசம் கலந்த அத்தகைய கிரீம்களால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் 2023-இல் கேரளாவின் மலப்புரத்தில் கண்டறியப்பட்டார்கள்.

திட்டுக்கு மருந்து கேட்பவளிடம் வெளுக்கும் கிரீமை நீட்டுவது ஏன்? அவள் நிறமே ஒரு நோய் என்ற நினைப்புத்தான். கல்லூரி விடுதியில் நம் பிள்ளைகளிடம் "உன்னைப் பார்த்தா அந்த ஆளுங்க மாதிரி தெரியலையே" என்று பாராட்டுப்போலச் சொல்கிறவர்கள் உண்டு. நிறத்தை வைத்துச் சாதியை அளக்கிற பேச்சு அது. பஞ்சாப் பார்ப்பனரும் பஞ்சாப் சமாரும் ஒரே இனம்தான் என்று அம்பேத்கர் 1936-இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதிவிட்டார். 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020-இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. நம் பெண் பார்க்கும் வீடுகளில் இன்னும் எடுக்கவில்லை. சேரிக்குள்ளும் இதே கதைதான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மங்குக்கு முறையான சிகிச்சை உண்டு. அசெலாயிக் அமிலம், ஹைட்ரோகுயினோன் போன்ற களிம்புகளை மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் காலம்வரை மட்டும் பூச வேண்டும். கர்ப்பிணி என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெயிலை மறைக்காவிட்டால் எந்த மருந்தும் நிலைக்காது. ஆனால் கூலிக்காரப் பெண்ணிடம் "வெயில்ல போகாதம்மா" என்று சொல்லி அனுப்பும் மருத்துவரை என்ன செய்வது? அன்றைய கூலியை அவரா தருவார்? முகத்தை மறைத்துத் துண்டு கட்டலாம், அகல விளிம்புத் தொப்பி போடலாம். இளைப்பாற நிழல் வேண்டும் என்று நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். எத்தனை ஏரிக்கரையில் பந்தல் போட்டார்கள்?

எல்லாத் திட்டும் மங்கு அல்ல. வெளிறிய அல்லது சிவந்த தேமலில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 6 மாதமோ 12 மாதமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும். கிரீம் பூசி மறைத்து நாள் கடத்தினால் கைகால் நரம்பு கெட்டுவிடும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை பூசிய ட்யூபைக் கையோடு எடுத்துப் போங்கள், காலியாக இருந்தாலும். உள்ளே என்ன இருந்தது என்று மருத்துவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.