சிறு குழலும் பெரும் பொறுப்பும்

பிள்ளைக்கு இசைக்கருவி வாங்கிக் கொடுப்பது செருப்பு வாங்கிக் கொடுப்பது போன்றதன்று. செருப்புக் கடித்தால் மறுநாளே தெரிந்துவிடும். கருவி கடித்தாலோ, பிள்ளை அதைத் தன் குறையென்றே எண்ணிக்கொள்கிறது; நாளடைவில் இசையை விட்டே விலகிவிடுகிறது. இத்திங்கள் நாம் பிக்கோலோ என்னும் சிறு குழலைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டதன் காரணம் இதுவே. கடல் கடந்து அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களில், பள்ளி இசைக்குழுவில் குழல் வாசிக்கும் பிள்ளைகள் உண்டு. ஒருநாள் அப்பிள்ளை, "ஆசிரியர் என்னைப் பிக்கோலோ வாசிக்கச் சொல்கிறார்" என்று வீட்டில் வந்து நிற்கும்போது பெற்றோர் திகைக்கின்றனர்.

பிக்கோலோ என்னும் இத்தாலியச் சொல்லுக்குச் 'சிறியது' என்பதே பொருள். மேனாட்டுப் புல்லாங்குழலில் ஏறத்தாழப் பாதி நீளம். சுமார் 32 செ.மீ. தான் இருக்கும். எழுதப்பட்ட சுரத்தினும் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். 1808இல் வியன்னாவில் முதன்முதல் இசைக்கப்பட்ட பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில், இறுதிப் பகுதியில் இக்குழல் ஒலிக்கிறது. அமெரிக்கர் ஜான் பிலிப் சூசா 1896இல் இயற்றிய 'தி ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் பாரெவர்' என்னும் அணிநடை இசையில் பிக்கோலோவுக்கென்றே ஒரு துள்ளலான பகுதி உண்டு. அதை வாசிக்கும் பிள்ளைகள் எழுந்து மேடையின் முன்னே வந்து நிற்பதும் வழக்கம். அறுபது பேர் கொண்ட குழுவிலும் இச்சிறு குழலின் ஒலி தனித்துக் கேட்கும். நன்று வாசித்தாலும் கேட்கும், பிழைத்தாலும் கேட்கும். இக்கருவி கேட்கும் துணிவு அத்தகையது.

ஆதலின் முதற் கேள்வி எதை வாங்குவது என்பதன்று. இப்போதே வாங்க வேண்டுமா என்பதே. புல்லாங்குழலில் இரண்டு மூன்று ஆண்டுப் பயிற்சியும், நிலையான மூச்சும், உதடுகளின் கட்டுப்பாடும் அமைந்த பின்னரே பிக்கோலோவைத் தொடுதல் நலம். இதன் ஊதுதுளை சிறிது. காற்றும் மெல்லியதாய், விரைவாய்ச் செல்லவேண்டும். புல்லாங்குழலில் மறைந்து கிடந்த சிறு குறைகளெல்லாம் இதில் பெரிதாய் வெளிப்படும். பல பள்ளிகள் பிக்கோலோவைச் சொந்தமாக வைத்திருந்து மாணவர்க்கு இரவல் தருவதும் உண்டு. ஆசிரியரைக் கேட்டு, ஒரு பருவம் இரவற் கருவியிலோ வாடகைக் கருவியிலோ பழகச் செய்யுங்கள். ஆவல் நிலைத்தால் பிறகு வாங்கலாம்.

வாங்குவதென்று முடிவானால், எதனால் செய்த கருவி என்பதை முதலில் நோக்க வேண்டும். உலோகம், பிளாஸ்டிக், மரம் என வகை மூன்று. முழுதும் உலோகத்தாலானது வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாது, ஓசை கூர்மையாயிருக்கும். கருங்காலி போல் கறுத்த கிரெனடில்லா மரத்தில் செய்தது இனிய, கனிந்த ஓசை தரும். பிற குழல்களோடும் இசைந்து ஒலிக்கும். இம்மரம் தான்சானியா, மொசாம்பிக் நாடுகளில் வளர்வது. நம் ஈட்டி மரத்தின் இனமே. ஆனால் வெப்பமும் குளிரும் மாறி மாறித் தாக்கினால் வெடிப்பு விடும். விலையும் பிளாஸ்டிக் கருவியைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

அமெரிக்கப் பள்ளிகளில் இலையுதிர் காலத்தில் கால்பந்து மைதானத்தில் அணிவகுத்து வாசிப்பர்; குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அரங்கினுள் வாசிப்பர். இரண்டுக்கும் ஒரே கருவிதான் வாங்க இயலுமெனில், பிளாஸ்டிக் உடலும் உலோகத் தலைப்பகுதியும் கொண்டதே முதற் கருவிக்கு ஏற்றது. யமாஹா நிறுவனத்தின் ஒய்.பி.சி.-32 இவ்வகையினது. உலோகத் தலையில் புல்லாங்குழலில் உள்ளதுபோன்ற உதட்டுத் தட்டு இருப்பதால் பிள்ளைக்குப் பழக எளிது. மரத்தலைகள் பலவற்றில் அத்தட்டு இராது. அரங்கில் மட்டுமே வாசித்து, சில ஆண்டுகள் தேர்ந்த பிள்ளைக்கே மரக்குழல் பொருந்தும்.

உட்குழலின் வடிவையும் கேட்டறியுங்கள். கீழ்நோக்கிச் செல்லச் செல்லக் குறுகும் கூம்புவடிவம் ஒன்று. நெடுகிலும் ஒரே அகலமுள்ள உருளைவடிவம் மற்றொன்று. பொதுவாகக் கூம்புவடிவமே சுருதிச் சேர்க்கைக்கும் மென்மைக்கும் உகந்தது. மூன்றாம் ஸ்தாயியின் 'ஈ' சுரம் எளிதில் பேசுவதற்கெனத் தனி விசையமைப்பு சில கருவிகளில் உண்டு, கிடைத்தால் நன்று. புல்லாங்குழலின் அடித்துண்டு இதற்குப் பெரும்பாலும் இல்லாமையால் மிகத் தாழ்ந்த 'சி' சுரம் வாராது. அது கருவியின் குறையன்று, இயல்பே.

பழைய கருவி வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. முற்காலத்து அணிவகுப்புக் குழுக்கள் 'டி பிளாட்' சுருதிப் பிக்கோலோவைக் கையாண்டன. அவை இன்றும் மலிவாய் விலைக்கு வருகின்றன. விரல் வைப்பு ஒன்றே. ஆயினும் இக்காலத்து ஏட்டைப் பார்த்து வாசித்தால் ஒவ்வொரு சுரமும் அரைச்சுரம் ஏறியே ஒலிக்கும். பிள்ளை எவ்வளவு முயன்றும் குழுவோடு சேராது. குற்றம் தன்னுடையதென்றே வருந்தும். ஆகவே 'சி' சுருதிக் கருவிதானா என்பதை உறுதி செய்யாமல் பணம் தராதீர்கள். விசைகள் தளர்ந்துள்ளனவா, துளைகளை மூடும் மெத்தைகள் கிழிந்துள்ளனவா, மரத்தில் மயிரிழை வெடிப்பு உண்டா என்பதையும் கருவி பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். இணையத்தில் மிகமிக மலிவாய் விற்கும் பெயரறியாக் கருவிகள் கெட்டுப்போனால், அவற்றுக்குரிய உறுப்புகள் கிடைப்பதே அரிது. மலிவென்று வாங்கியது மூலையில் கிடக்கும்.

கடைக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள், இயன்றால் ஆசிரியரையும். ஒரே மாதிரிக் கருவிகளிலும் ஒன்றுக்கொன்று வேறுபாடு இருப்பதால், இரண்டு மூன்றை ஒப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தாழ்ந்த சுரம் முதல் ஒவ்வொன்றாய் நீட்டி வாசித்து, சுருதிமானியில் சரிபார்க்கட்டும். உச்ச சுரங்களை உரக்க மட்டுமன்றி மெல்லவும் வாசிக்கட்டும். மெல்ல வாசிக்கையில்தான் கருவியின் தரம் விளங்கும். பெற்றோர் அறையின் மறுகோடியில் முகந்திருப்பி நின்று கேட்டல் நலம். கண்ணைக் கவரும் மினுக்கு செவியை ஏமாற்றாது.

இனிப் பலரும் கருதாத ஒன்று, செவியின் நலம். பிக்கோலோவின் உச்ச சுரங்கள் வாசிப்பவர் காதருகே 100 டெசிபெல்லையும் தாண்டும். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என வரையறுக்கும் வல்லுநர், 100 டெசிபெல்லுக்குத் தருவது 15 நிமிடமே. குழல் வலப்புறம் நீள்வதால் வலச்செவிக்கே தாக்குதல் மிகுதி. சிறிய குளியலறையில் பழகுவதைத் தடுங்கள். விசாலமான அறையில், குறைந்தது வலக்காதிலேனும் காதடைப்பான் வைத்துப் பழகட்டும். கெட்ட கருவிக்கு மாற்றுண்டு. கெட்ட செவிக்கு மாற்றில்லை. இசைக்கடையில் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கு இதற்காகவும் ஒதுங்கட்டும்.

நாள்தோறும் புல்லாங்குழலில் உதட்டைப் பதப்படுத்திய பின் கால்மணி நேரம் பிக்கோலோ வாசித்தால் தொடக்கத்தில் போதும். வாசித்தபின் உள்ளிருக்கும் ஈரத்தைத் துணிகொண்டு துடைத்து வைக்க வேண்டும். காரினுள் வெயிலில் வைத்துச் செல்லலாகாது. மரக்குழலாயின் முதல் சில வாரங்கள் இன்னும் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பின் ஒன்று எஞ்சுகிறது. பிள்ளையின் குழலுக்காகக் கடன் படும் வீடுகளையும், அயலார் பிள்ளைக்கு மரக்குழல் உண்டென்று தாமும் வாங்கும் வீடுகளையும் நாம் அறிவோம். அடுத்த பிள்ளையின் கல்விக்கென வைத்த பணத்தை எடுத்து வாங்கும் உயர்ந்த கருவி, வாசிக்கும் பிள்ளையின் நெஞ்சில் சுமையாகவே இறங்கும். "இவ்வளவு செலவழித்தோமே" என்னும் சொல் ஒருமுறை வாயினின்று வந்துவிட்டால், பிழை செய்யவே பிள்ளை அஞ்சும். பிழைக்கு அஞ்சுவோர் பிக்கோலோ வாசித்தல் அரிது. நம் கைக்கு எட்டிய கருவியைச் சரியாய்த் தேர்ந்து கொடுப்போம். முதல் சில மாதங்கள் வீட்டில் எழும் கீச்சொலியைப் பொறுத்துக்கொள்வோம். கடையில் கொடுத்த பணத்தினும் இப்பொறுமையே பிள்ளைக்கு நாம் கொடுக்கும் பெரிய விலை.