எது கலைப்பொருள்?

பள்ளிக் கண்காட்சியொன்றில் இரு பலகைகளைக் கண்டேன். ஓவியங்களின்மேல் ‘கலைப்பொருள்கள்’ என்றும், திரங்கானுச் சொங்கெட் துணி, பாய், மட்பாண்டம் ஆகியவற்றின்மேல் ‘கைவினைப் பொருள்கள்’ என்றும் எழுதியிருந்தனர். எழுதியவர் தமிழாசிரியரே!

இப்பாகுபாடு நம் மரபில் பிறந்ததன்று. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. நம் மரபு எண்ணும் அறுபத்து நான்கு கலைகளிலோ, இசையோடும் ஓவியத்தோடும் மாலை தொடுத்தலும் தையலும் தச்சும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ‘கலை’ என்னும் சொல்லுக்கே ‘ஆடை’ என்ற பொருளும் உண்டு. சொங்கெட்டை விலக்குவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

“பயன்படு பொருள் கலைப்பொருளாகுமோ?” என்பர் சிலர். சோழர்காலச் செப்புத் திருமேனிகள் பல, திருவுலாவுக்கெனவே வார்க்கப்பட்டவை. சுமக்கும் தண்டினைக் கோப்பதற்கான துளைகளும் வளையங்களும் அவற்றின் பீடங்களில் இன்றும் உள்ளன. அவற்றைக் கலைப்பொருள் என உலகம் போற்றவில்லையா?

‘கைவினை’ என்பது செய்முறையைச் சுட்டும் சொல், தாழ்வைச் சுட்டுவதன்று. கையால் செய்த அனைத்தும் கலைப்பொருளென நான் வாதிடவில்லை. ஓவியமாயினும் பாயாயினும், வேலைப்பாடே அதனைத் தீர்மானிக்க வேண்டும், பொருளின் இனமன்று.

ஆசிரியர்களே, சொல்லைக் குறுக்கினால் மாணவரின் பார்வையும் குறுகும். பாய் முடையும் தாயின் பிள்ளை, அப்பலகையைப் படித்துத் தன் தாய் கலைஞரல்லர் என்று கற்றுக்கொள்ளும். அந்தப் பாடத்தையா நாம் நடத்துவது?