கிளி எடுத்த அட்டையும் தாரோ சீட்டும்



தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ‘டாரட்’ என்றொரு சீட்டுக் குறி இப்பொழுது பெரிதும் பேசப்படுகின்றது. பிரெஞ்சு மொழியில் அதன் பெயர் ‘தாரோ’. மேனாட்டிலிருந்து வந்த ஏதோ ஓர் ஆழ்ந்த கலை என்று எண்ணி, அதைப் படித்தறியும் வழி யாது என ஆவலுடன் கேட்கும் இளைஞரும் உளர். வில்லியனூரிலும் பாகூரிலும் பிறந்து வளர்ந்த நமக்கு இதில் புதுமை யாதும் இருக்க வேண்டியதில்லை. மர நிழலில் துணி விரித்துக் கூண்டோடு அமர்ந்திருக்கும் கிளிச் சோதிடரை நாம் சிறு வயது முதலே கண்டிருக்கிறோம் அன்றோ? இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சீட்டுப் படிக்கும் முறை தானே விளங்கிவிடும்.

கிளிச் சோதிடரிடம் பெரும்பாலும் 27 அட்டைகள் இருக்கும். நட்சத்திரங்களின் எண்ணிக்கை அது. வந்தவரின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயருக்கு ஒரு சீட்டு எடு என்று கிளிக்குச் சொல்லிக் கூண்டைத் திறப்பார். கிளி நடந்து வந்து சில அட்டைகளை அலகால் ஒதுக்கித் தள்ளி, ஒன்றைக் கவ்விக் கொடுக்கும்; கூலியாக ஒரு நெல்மணி பெற்றுக் கூண்டுக்குள் திரும்பும். அட்டையில் முருகன் இருக்கலாம், திருமகள் இருக்கலாம், புத்தர் இருக்கலாம். குழந்தை இயேசுவை ஏந்திய மாதாவின் படமும் அந்தக் கட்டில் இடம்பெறுவதுண்டு. லூர்து அன்னையின் திருத்தலத்தையும் திருக்காமீசுவரர் கோவிலையும் ஒருங்கே கொண்ட வில்லியனூரில் இதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. வருகின்றவர் எச்சமயத்தினராயினும், அவருக்கு அறிமுகமான முகம் ஒன்று கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது தொழிலின் நுட்பம்.

தாரோவும் அவ்வாறே அமைந்தது. ஒரு கட்டில் 78 சீட்டுகள். அவற்றுள் 56 சீட்டுகள் கிண்ணம், வாள், தடி, நாணயம் என நான்கு இனங்களாகப் பிரியும். ஒவ்வோர் இனத்திலும் ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகள், அவற்றோடு பணியாள், குதிரை வீரன், அரசி, அரசன். எஞ்சிய 22 சீட்டுகளே புகழ் பெற்றவை. பேதை, விளக்கேந்திய துறவி, சுழலும் சக்கரம், இடி விழுந்த கோபுரம், கதிரவன், திங்கள் எனப் படங்கள் தொடரும். மார்செய் நகரத்தின் பெயரால் வழங்கும் பழைய கட்டில் ஐந்தாம் சீட்டு திருத்தந்தை. இருபதாம் சீட்டில் வானதூதர் எக்காளம் ஊத, இறந்தோர் கல்லறையினின்று எழுகின்றனர். தம் ஆலயச் சுவர்களில் கண்டு பழகிய காட்சிகளையே அந்நாட்டு மக்கள் சீட்டிலும் கண்டனர்.

எதற்காகக் கண்டனர்? விளையாடுவதற்காக! 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்களின் மாளிகைகளில் தோன்றிய இச்சீட்டுகள், நம் வீட்டுத் திண்ணையில் ஆடும் துருப்பாட்டம் போன்றதோர் ஆட்டத்திற்கு உரியவை. பிரான்சு நாட்டில் இன்றும் தாரோ என்றால் முதலில் நினைவுக்கு வருவது அவ்வாட்டமே. அங்கு உறவினரைக் கொண்ட நம் புதுச்சேரிக் குடும்பத்தார் கேட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1781-இல், கூர் தெ ஜெபலென் என்னும் பாரிசு அறிஞர், இவை பண்டை எகிப்திய குருக்களின் மறைநூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தைப் படிக்கும் திறவுகோலையே ஷாம்போலியோன் 1822-இல்தான் கண்டறிந்தார் என்பதை நினைவிற் கொள்க. ஆயினும் கதை பரவிவிட்டது. அலியெத் என்பவர் தம் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கி ‘எத்தேயா’ எனப் புனைபெயர் பூண்டு, சீட்டுக் குறிக்கு நூலும் தனிக் கட்டும் வெளியிட்டார். இன்று உலகெங்கும் விற்பனையாகும் கட்டு அதனினும் இளையது; 1909-இல் இலண்டனில் வெளிவந்தது.

இனிப் படிக்கும் முறை. தொடக்க நிலையினருக்கு மூன்று சீட்டு முறையைக் கற்பிப்பர். கலைத்து எடுத்த முதற் சீட்டு சென்ற காலம், இரண்டாவது நிகழ்காலம், மூன்றாவது வருங்காலம். 78 சீட்டுகளிலிருந்து மூன்றை வரிசையாக எடுக்க 4,56,456 வகைகள் உண்டு. சீட்டு தலைகீழாக விழுந்தால் பொருள் மாறும் என்பதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் பெருகும். இத்தனை வகைக்கும் பொருளை மனப்பாடம் செய்தார் எவருமிலர். படத்தைக் காட்டி, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கதை தொடுப்பதே வழி. எலும்புருவம் அரிவாளோடு நிற்கும் பதின்மூன்றாம் சீட்டு வந்தால், இது சாவன்று, ஒரு மாற்றத்தின் அறிகுறி என்பர். யாருடைய வாழ்வில்தான் மாற்றம் இல்லை? “பிறருக்காக உழைத்தீர்கள், நன்றி கிடைக்கவில்லை” என்றதும் கேட்பவரின் கண்கள் கலங்கும். அடுத்த வாக்கியத்தை அக்கண்களே எடுத்துக் கொடுத்துவிடும்.

அமெரிக்க உளவியலார் பெர்ட்ரம் ஃபோரர் 1948-இல் இதைச் சோதித்தார். மாணவர் 39 பேருக்கு, அவரவர் குணநலன் இது என்று கூறித் தனித்தனித் தாள் கொடுத்தார். எத்துணைப் பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார், சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் தந்தது ஒரே வாசகம்! அதிலுள்ள வரிகளை அவர் கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்தே பொறுக்கியிருந்தார்.

திருச்சபையின் நிலைப்பாடு ஒளிவுமறைவற்றது. 1992-ஆம் ஆண்டின் மறைக்கல்வி ஏடு, 2116-ஆம் பத்தியில், குறி கேட்டலின் எல்லா வகைகளையும் விலக்குகின்றது. அட்டையில் மாதாவின் படம் இருப்பதால் விலக்கு நீங்கிவிடாது. ஆனால் விலக்கைச் சொல்லி நகர்ந்துவிடுவது நமக்கு எளிது. கணவனின் குடியைப் பற்றியும், தள்ளிப்போகும் மகளின் திருமணத்தைப் பற்றியும் ஒரு பெண் கிளிச் சோதிடரிடம் சென்று சொல்கின்றாள் என்றால், வீட்டில் அதைக் கேட்க எவருக்கும் பொழுதில்லை என்றும் கொள்ளலாம். அவர் ஒருவரேனும் அவளை அமரச் சொல்லிக் கேட்கின்றார். ஆலயத்திலும் அன்பியக் கூட்டத்திலும் அவளுக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்கின்றதா?

பாகூருக்கு அண்மையில், கடலூர் மாவட்டத்துத் தென்னம்பாக்கத்தில் 2024 ஏப்ரலில் நிகழ்ந்ததைப் பலரும் அறிவர். நாடாளுமன்றத் தேர்தலில் கடலூர்த் தொகுதி வேட்பாளராக நின்ற திரைப்பட இயக்குநர் தங்கர் பச்சான், அவ்வூர் அழகுமுத்து ஐயனார் கோவிலருகே கிளிச் சோதிடம் பார்த்தார். கிளி எடுத்த சீட்டில் ஐயனார் இருந்தார். வெற்றி உறுதி என்று பலன் சொல்லப்பட்டது. அந்தக் காட்சி பரவியதும் வனத்துறையினர் வந்து கிளிகளைக் கைப்பற்றினர், சோதிடர் பிடிபட்டார். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். இது அரசியல் பழிவாங்கல் என்ற கண்டனமும் எழுந்தது. சட்டம் சரியே, எனினும் கேட்டவர் மேடையிலும் சொன்னவர் காவலிலும் இருந்த காட்சி நமக்கு உவப்பாக இல்லை. ஜூன் மாதம் வாக்குகளை எண்ணியபோது அந்த வேட்பாளர் வெற்றி பெறவில்லை.

மர நிழலில் அட்டை பார்ப்பதற்கான கூலி சிறிது. பெரும்பாலும் அங்கே இழப்பு பெரிதாக இராது. கைப்பேசி வழியே தாரோ பார்ப்பவரிடம் நிலைமை வேறு. முகம் காணாத ஒருவரிடம் பிறந்த நாள், குடும்பச் சிக்கல், கடன் நிலை யாவும் போய்ச் சேருகின்றன. ஆகவே நம் இல்லத்து இளையோர்க்கு ஒரு குறிப்பு: சீட்டு விரிப்பவர் பேசும்போது, அவர் சொன்னது எது, நாம் சொல்லியதை அவர் திருப்பிச் சொன்னது எது என்று ஒரு தாளில் இரு பத்தியாக எழுதிப் பாருங்கள். பரிகாரம் என்றோ தடை நீக்கம் என்றோ தனித் தொகை கேட்கப்பட்டால் அந்த நிமிடமே எழுந்து விடுங்கள். நிலத்தை விற்பதா, பிள்ளையின் காய்ச்சலுக்கு மருத்துவமனை செல்வதா என்ற கேள்விகளை அந்தத் துணியின் மேல் வைக்கவே வேண்டாம். முன்னதற்குப் பத்திரப் பதிவு அலுவலகமும், பின்னதற்கு ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கின்றன.