உள்நுழைவுச் சீட்டும் பள்ளத்தாக்கின் கூலியும்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டுக்கு வரும் வெளிமாநிலத் தொழிலாளர்கள், நாகாலாந்திலும் மிசோரத்திலும் நடைமுறையில் இருப்பதைப் போன்ற உள்நுழைவு அனுமதிச் சீட்டைப் பெற்றே எல்லையைக் கடக்க வேண்டும் என்று நாம் தமிழர் கட்சியின் தலைமை ஒருங்கிணைப்பாளர் திரு. சீமான் அவர்கள் வற்புறுத்தி வந்திருக்கிறார். 2021 சட்டமன்றத் தேர்தலில் திருவொற்றியூர் வேட்பாளராக நின்றவர் அவர். அவருடைய கட்சியோ 2024 மக்களவைத் தேர்தலில் எட்டு சதவிகிதத்துக்கு மேல் வாக்குப் பெற்று மாநிலக் கட்சியாக அங்கீகாரம் அடைந்திருக்கிறது. ஆதலால் இக்கோரிக்கையை மேடையோடு போகும் பேச்சென்று ஒதுக்கிவிட இயலாது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களிலும் மலைமேல் ஏலத் தோட்டங்களிலும் கூலிக்கு உழைப்போரை அங்கத்தினராகக் கொண்ட எமது சங்கம் இதனை நெடிது விவாதித்து, அனுமதிச் சீட்டு வேண்டாம், பதிவும் சமக் கூலியும் வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறது. அம்முடிவின் காரணங்களைப் பொதுமக்கள் முன் வைக்கிறோம்.

திரு. சீமான் அவர்கள் கூறுவனவற்றுள் எமக்கு உடன்பாடானவை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உழவையும் கால்நடை வளர்ப்பையும் இழிவாக எண்ணும் மனோபாவம் ஒழிய வேண்டும் என்றும், அவற்றை அரசுப் பணியாக்கி இளைஞருக்கு ஜீவனம் அளிக்க வேண்டும் என்றும் அவர் பேசும்போது, மலைமாடு வளர்ப்போரின் உள்ளம் அவர்பால் திரும்புவது இயல்பே. வனத்தில் மேய்ச்சல் மறுக்கப்பட்டு மாட்டுக்காரர்கள் தவித்திருந்த வேளையில், 2025 ஆகஸ்டில் போடிக்கு அருகே மலையடிவாரத்துக்கு மாடுகளை ஓட்டிச் சென்று அவர் நடத்திய போராட்டம், நெடுங்காலம் எவர் காதிலும் விழாதிருந்த ஒரு குறையை நாடறியச் செய்தது. வெளியிலிருந்து வருவோரைக் குறைந்த கூலிக்கு அமர்த்திக்கொண்டு, உள்ளூர்த் தொழிலாளி கூலி உயர்வு கேட்டால் அவர்களைக் காட்டி வாயடைக்கும் வழக்கம் இருக்கிறது என்ற எம் அங்கத்தினரின் மனத்தாங்கலும் கற்பனையன்று. நோய் இருக்கிறது என்பதில் எமக்கும் அவருக்கும் அபிப்பிராய பேதமில்லை. அவர் சொல்லும் மருந்து எம் மக்களையே கொல்லும் என்பதுதான் எம் கவலை.

இப்பள்ளத்தாக்கு எதனால் பிழைக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். விடியுமுன்னே கம்பத்திலோ, கூடலூரிலோ, தேவாரத்திலோ, போடியிலோ ஒரு தெருமுனையில் நிற்பவர், தூக்குவாளியில் சோறும், மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறுவதைக் காண்பார். கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகளில் வளைந்து வளைந்து ஏறும் அந்த ஜீப்புகள், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள வண்டன்மேட்டிலும் நெடுங்கண்டத்திலும் உடும்பஞ்சோலையிலும் சாந்தன்பாறையிலும் அவர்களை இறக்கிவிடுகின்றன. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. தூரிலிருந்து கிளம்பி நிலத்தோடு படரும் சரத்தில் காய்ப்பது. ஆகவே பகல் முழுவதும் ஈரத்தில் குத்தவைத்து, இலைக்குப்பையை ஒதுக்கி, விளைந்த காயை மட்டும் விரலால் தெரிந்தெடுத்து, பிஞ்சை அடுத்த எடுப்புக்கு விட்டுவைக்க வேண்டும். இடையிடையே காலில் ஏறும் அட்டைகளை உப்புப் போட்டு உதிர்க்க வேண்டும். தாயிடமிருந்து மகள் கற்ற இந்தக் கைப்பழக்கம் இல்லாவிட்டால், போடி ஏல மையத்தில் விலை பேசப்படும் ஏலக்காயில் பெரும்பகுதி செடியிலேயே வெடித்துப் போகும். 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்த பின்னரும் இந்த வேலை தொடர்ந்தது. நாளொன்றுக்கு இரு முறை மாநில எல்லையைக் கடந்து ஈட்டும் கூலியில்தான் இங்கே எத்தனையோ வீடுகளில் உலை கொதிக்கிறது.

எல்லையில் அனுமதிச் சீட்டு கேட்டால் என்ன நேரும் என்பதை நாங்கள் ஊகித்தறிய வேண்டிய அவசியமில்லை. 2020-இல் பெருந்தொற்றை முன்னிட்டு மலைப்பாதைகள் அடைக்கப்பட்டு, பின்னர் இணையவழியில் அனுமதி பெற்றவர் மட்டுமே கடக்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. நோய்க்காலத்து நிர்ப்பந்தத்தை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் அன்று கண்டதென்ன? சாதாரணக் கைபேசிகூட வீட்டுக்கு ஒன்று என்றிருந்த தெருக்களில், விண்ணப்பம் எழுதவும் அதை அனுப்பவும் வழியறியாத பெண்கள், யார் யாரையோ அண்டி நின்றார்கள். மேலே காய் பறிக்க ஆளில்லை என்று தோட்டக்காரர்கள் முறையிட்டார்கள். கீழே ரேஷன் அரிசியைக் கொண்டு நாட்களை நகர்த்தினோம். சீட்டுப் பெற்றுத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகன், சீட்டு என்ற ஒன்று எங்கே உண்டோ அங்கே தவறாமல் தோன்றுவான் என்பதையும் கண்டோம்.

அதற்கும் முன்னால், 2011 டிசம்பரில், முல்லைப்பெரியாறு அணைப் பிரச்சினை கொதித்தெழுந்தபோது, இடுக்கித் தோட்டங்களில் தங்கி வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் உயிருக்கு அஞ்சி, பிள்ளைகளைத் தோளில் சுமந்து, காட்டு வழியே மலையிறங்கித் தேனி மாவட்டத்துக்கு ஓடிவந்தன. 1895 முதல் இந்தப் பள்ளத்தாக்கை விளைவித்த நீரைப் பற்றிய வழக்கு, அந்நீரில் ஒரு சொட்டுக்கும் உரிமை கோராத கூலிக்காரன் தலையில் விடிந்தது. 'வெளியாள்' என்று ஒருவனைச் சுட்டுவது எவ்வளவு எளிது என்பதையும், சுட்டப்பட்டவன் கதி என்ன ஆகிறது என்பதையும் அன்று அந்தப் பக்கத்தில் நின்று அனுபவித்தவர்கள் நாம். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவி, அம்மாநில அரசு இங்கே குழுவை அனுப்பும் அளவுக்குப் பீதி எழுந்தபோது, ரயில் ஏறி ஊர் திரும்பிய அந்த இளைஞர்களின் முகங்களில் எங்கள் அங்கத்தினர்கள் தங்களையே கண்டார்கள்.

ஜோலார்பேட்டையில் தமிழ்நாடு ஒரு சாவடி அமைக்குமானால், குமுளியில் கேரளம் அமைக்கும் சாவடியை எந்த நியாயத்தைக் கொண்டு எதிர்ப்போம்? இதற்கு விடை சொல்லாமல் எவரும் இப்பள்ளத்தாக்கில் அந்தக் கோரிக்கையை முன்வைக்கலாகாது. சட்டத்தின் நிலையும் கவனிக்கத்தக்கது. உள்நுழைவுச் சீட்டு, தேயிலை, யானை முதலியவற்றில் தமது வியாபார நலனைக் காப்பதற்காக பிரிட்டிஷார் 1873-இல் வங்காளக் கிழக்கு எல்லைப் பகுதிக்கென இயற்றிய ஒழுங்குமுறையில் பிறந்தது. பழங்குடி மக்களின் நிலத்தையும் வாழ்வையும் காக்கும் பொருட்டு அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம் ஆகியவற்றிலும், 2019 முதல் மணிப்பூரிலும் நடைமுறையில் இருக்கிறது. பிற இடங்களில், தேசமெங்கும் சென்று வசிக்கவும் தொழில் செய்யவும் பிரஜைகளுக்கு அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு அளிக்கும் உரிமைக்கு எதிராக அது நிற்காது. தனியார் வேலைகளில் 75 சதவிகிதம் உள்ளூராருக்கே என்று ஹரியானா இயற்றிய சட்டத்தையும் 2023 நவம்பரில் அங்குள்ள உயர் நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்தது.

சட்டவிரோதக் குடியேற்றம் என்னும் சொற்றொடரும் இவ்விவாதத்தில் கண்டபடி கலக்கப்படுகிறது. ஜார்க்கண்டிலிருந்து வருபவன் இந்நாட்டுப் பிரஜை. அவனை எந்த அர்த்தத்திலும் சட்டவிரோதக் குடியேறி என்றழைக்கலாகாது. பிற தேசத்திலிருந்து ஆவணமின்றி வந்து தங்குவோரைப் பற்றி விசாரித்து நடவடிக்கை எடுப்பது மத்திய அரசின் பொறுப்பு. அது நீதிமன்ற வழியில், எவரையும் மொழியாலோ மதத்தாலோ சந்தேகிக்காமல் நடைபெற வேண்டும். இதில் தமிழர்களாகிய நமக்குத் தனியான ஞாபகம் ஒன்று உண்டு. இலங்கையின் தேயிலைக் காடுகளை உருவாக்கிய நம் உறவினரை 1948-இல் அந்நாடு பிரஜாவுரிமை அற்றவர்களாக்கிற்று. கடல் கடந்து சென்றவர்களைக் கள்ளத்தோணி என்று வைதது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை அவர்களது சம்மதம் கேளாமலே இந்தியாவுக்கென ஒதுக்கிற்று. பின்னர் போருக்குத் தப்பி வந்து, முகாம்களிலேயே பிறந்து வளர்ந்த ஈழத்துப் பிள்ளைகளை இன்னமும் சட்டவிரோதக் குடியேறிகள் என்று வகைப்படுத்துவது அநீதி என்பதில் திரு. சீமானோடு நாங்கள் ஒன்றுபடுகிறோம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களை விட்டுவிட்டதை எமது சங்கம் கண்டிக்கிறது.

இனி, கூலி தாழ்வது எதனால்? வடக்கிலிருந்து ஆளைக் கூட்டிவரும் ஒப்பந்தக்காரன், பழைய கங்காணியைப் போலவே, முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டி, கூலியில் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு, தகரக் கொட்டகையில் பத்துப் பேரை அடைத்து வைக்கிறான். எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை; விபத்து நேர்ந்தால் பொறுப்பேற்க ஆளில்லை. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்காக 1979-இல் இயற்றப்பட்டு, பின்னர் 2020 தொழிற்சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்ட சட்டம், ஒப்பந்தக்காரன் உரிமம் பெற வேண்டும் என்கிறது. அது ஏட்டளவில் நிற்பதால்தான், குறைந்த கூலிக்கு ஓர் ஆள் எப்போதும் கிடைக்கிறான். வந்தவனுக்கும் உள்ளூரானுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி கிடைக்குமானால், வந்தவனைத் தேடிப் பிடிக்கும் ஆசை முதலாளிக்குத் தானாகவே குறையும். இதே பாதுகாப்பு மலையேறும் எம் பெண்களுக்கும் வேண்டும்: ஜீப்பில் ஏறும் ஒவ்வொருவரின் பெயரும் பதிவாகி, விபத்துக் காப்பீடு கிடைக்கும்படி தமிழ்நாடும் கேரளமும் கூட்டாக ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, இங்கே வேலை உண்டாக்கும் பொருள்கள் கண்ணெதிரே கிடக்கின்றன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை, விலை விழுந்த வாரத்தில் கொடியிலேயே அழுகுகிறது. கூட்டுறவுக் குளிர்பதனக் கிடங்கும் பழச்சாற்று ஆலையும் கேட்கிறோம். பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. அதன் ஆராய்ச்சி சிறு விவசாயியின் வாய்க்கால் வரை வர வேண்டும். ஆண்டிபட்டி நெசவாளருக்கு நூலும் சந்தையும் வேண்டும். 2010 இறுதியில் நின்றுபோன போடி ரயில் 2023 ஜூனில்தான் மீண்டும் வந்தது; சரக்கேற்றும் வசதி செய்து தந்தால் அது நூற்றுக்கணக்கான கைகளுக்கு வேலை தரும்.

தேனி, போடிநாயக்கனூர், கம்பம், ஆண்டிபட்டி, பெரியகுளம் பகுதிகளில் வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சி வேட்பாளர்களும், திரு. சீமானின் கட்சியினர் உட்பட, இவற்றுக்கு எழுத்து மூலம் பதில் தர வேண்டுமென விநயத்துடன் கேட்டுக்கொள்கிறோம். எல்லைச் சாவடியை வாக்குறுதியாகத் தரும் எவருக்கும் எமது சங்கம் ஆதரவு அளிக்காது.